எடுத்தால் ஒன்று வைக்க வேண்டும்

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொரோனாவுக்குப் பிறகு பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்து வருகிறேன். நான் சொல்லப்போவது போன வருஷம் வைகாசியில், ஊருக்கு மேற்கே கைவிடப்பட்ட ஒரு திராட்சைத் தோட்டத்தில் நடந்தது.

எனக்கு ஜியோகேச்சிங் என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை ஆப்பில் போட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பார்த்துத் தேடி வருவார்கள். உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயர் எழுதிவிட்டு, ஆப்பிலும் பதிவார்கள். டப்பாவில் சின்னச் சின்னப் பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

இந்த ஆட்டத்தில் தீராத சண்டை ஒன்று இருக்கிறது: டப்பா எந்த அளவில் இருக்க வேண்டும்? விரல்நுனி அளவுக்குக் காந்தம் வைத்த டப்பா, பழைய பிலிம் ரோல் டப்பா, டிபன் டப்பா, பக்கெட் என்று பல அளவுகள் உண்டு. சின்னதைக் கண்டுபிடிப்பதுதான் திறமை என்பார்கள் பலர். நான் பெரிய டப்பா கட்சி. காகிதச் சுருளை மட்டும் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வெயிலில் வருகிறார்கள்? திறந்தால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா? தண்ணீர் புகக் கூடாது, எறும்பு ஏறக் கூடாது, குரங்கால் திறக்க முடியக் கூடாது. இந்த மூன்றுக்கும் சரிப்பட்டு வந்த, ரப்பர் வளையம் வைத்த நீல மூடி டப்பா ஒன்றைத் தேனியில் வாங்கினேன். இரண்டு படி அரிசி கொள்ளும்.

அந்தத் தோட்டத்தில் பந்தல் கற்கள் மட்டும் வரிசையாக நின்றன. கொடிகள் போய்விட்டன. கம்பிகள் துருப்பிடித்துத் தொங்கின. நடுவில் கல் படி இறங்கும் பெரிய கிணறு, அதை ஒட்டிக் கதவில்லாத மோட்டார் ரூம். அதன் சுவரில் ஒரு மாடக்குழி. டப்பா அதற்குள் அளவெடுத்தது போலப் பொருந்தியது.

இடத்தின் சொந்தக்காரர் கம்பத்தில் வாழைக்காய் வியாபாரி. நிலத்தை வாங்கிப் போட்டவர். அனுமதி கேட்கப் போனபோது சிரித்தார். அங்கன யார் வரப்போகிறார்கள், தாராளமாக வை என்றார். நான் கிளம்பும்போதுதான் நினைத்துக்கொண்டவர் போலச் சொன்னார்.

"உருமத்துல மட்டும் அந்தப் பக்கம் போகாத ஆத்தா."

உச்சிப்பொழுதை எங்கள் பக்கம் உருமம் என்பார்கள். வெயிலுக்காகச் சொல்கிறார், இல்லையென்றால் பாம்புக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை.

மேகமலைக்கும் தேக்கடிக்கும் போகிற விளையாட்டுக்காரர்கள் வழியில் இறங்கித் தேடிப் போனார்கள். கொச்சிக்காரர் ஒருவர், மதுரைத் தம்பதி, பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம். மஞ்சள் வாத்துப் பொம்மை, விசில், சாவிக்கொத்து எல்லாம் வந்து போயின. நான் அவ்வப்போது காலையில் போய் டப்பாவைச் சரிபார்த்து, உள்ளே இருப்பதை ஆப்பில் உள்ள பதிவுகளோடு ஒப்பிடுவேன்.

சில மாதங்களில் கணக்கு உதைக்கத் தொடங்கியது. யாரும் பதியாத பொருள்கள் உள்ளே இருந்தன. வாத்து இருந்த இடத்தில் ரிப்பன். அடுத்த முறை, சதுரமாக மடித்த சின்னஞ்சிறு பாவாடை சட்டை, கடைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல். பிறகு, குழந்தை கைக்கான சிவப்புக் கண்ணாடி வளையல் ஒன்று. உள்ளூர்க் குழந்தைகள் யாரோ டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் காலடித் தடமோ, மிட்டாய்த் தாளோ எதுவும் இல்லை. டப்பா ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

ஒரு நாள் பஞ்சில் சுற்றிய ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரித்தேன். ஒரு பால்பல்.

பதிவுகளைப் பார்த்தேன். யாரும் எழுதவில்லை. பல்லை அப்படியே சுற்றி வைத்தேன். அன்று சிவப்பு வளையலை எடுத்து ஸ்கூட்டர் சாவியில் மாட்டிக்கொண்டு, விதிப்படி என் கையிலிருந்த கண்ணாடி வளையல் இரண்டைக் கழற்றி உள்ளே வைத்தேன். வீரபாண்டித் திருவிழாவில் ஆசைப்பட்டு வாங்கியவை. எனக்குத் தொளதொளவென்று இருந்தன. வண்டியை எடுக்கும்போது பின்னால் பந்தல் கம்பி ஒன்று ரீங்கென்று அதிர்ந்தது. காற்று இல்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து மதுரைத் தம்பதி ஆப்பில் எழுதியிருந்தார்கள். இரண்டாம் முறை வந்தார்களாம். நடுப்பகலில் கிணற்றடியில் ஒரு பெண் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததால், கிட்டே போகாமல் திரும்பிவிட்டார்களாம். டப்பா என்னுடையது. அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுநாள் உருமத்திலேயே போனேன்.

மாடக்குழி காலியாக இருந்தது. கிணற்றுப் பக்கம் வந்தேன். மேல்படியில் முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்த ஈரக்கூந்தல், முகூர்த்தத்துக்குக் கிளம்பியது போலப் பட்டுச்சேலை, மல்லிகைப்பூ. மடியில் என் டப்பா. நான் சத்தமே போடவில்லை. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"வந்துட்டியா?"

அந்தக் குரலில் இருந்த கொஞ்சல் எனக்கானது அல்ல. நான் இன்னார் வீட்டுப் பெண் என்று சொன்னேன். அவள் திரும்பினாள். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவள். ஏமாற்றம் எதுவும் காட்டாமல், பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். என் வளையல்கள் அவள் கையில் இருந்தன.

"எம்மக குடுத்துவிட்டது தங்கச்சி. அளவு பாத்தியா? எனக்குன்னே செஞ்ச மாதிரி."

பிறகு அவளே சொன்னாள். இந்தத் தோட்டம் முன்பு அவர்களுடையது. திராட்சை அறுப்பு நடந்த ஒரு மத்தியானம், எல்லோரும் பந்தலுக்கடியில் இருந்தபோது, நாலு வயதுகூட நிறையாத மகள் இந்தக் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள். மூன்று வருஷமாகிறது. நிலத்தை விற்றுவிட்டார்கள். ஆனாலும் கணவர் லோடு ஏற்றக் கம்பம் மார்க்கெட்டுக்குப் போகிற நாட்களில் அவள் இங்கே வந்துவிடுவாள். ஒரு நாள் மாடக்குழியில் டப்பா இருந்தது. உள்ளே வாத்துப் பொம்மை. அந்த மாடக்குழியில்தான் மகள் தன் விளையாட்டுச் சாமான்களை ஒளித்து வைப்பாளாம். டப்பாமேல் இது விளையாட்டுப் பெட்டி என்று நான் ஒட்டியிருந்த சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது.

அவள் வாத்தை எடுத்துக்கொண்டு ரிப்பன் வைத்தாள். அடுத்த முறை ரிப்பன் இல்லை, விசில் இருந்தது. பாவாடை வைத்தாள். அதுவும் போனது. மகள்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

"இப்பப் பாரு, சின்ன வளவிய எடுத்துக்கிட்டு எனக்குப் பெரிய வளவி வச்சிருக்கா. போட்டுக்கிட்டு அங்கன வரச் சொல்றா."

அங்கன என்றபோது கண்ணால் தண்ணீரைக் காட்டினாள். அவள் பாதம் அடுத்த படியில் இருந்தது. அதற்கும் கீழே பாசி.

எனக்கு எந்த நெருக்கடியிலும் மனசுக்குள் வரிசையாக எண் போட்டுத்தான் யோசிக்க வரும். ஒன்று, எனக்கு நீச்சல் தெரியாது. இரண்டு, அவளை இழுத்துப் பிடிக்கிற பலம் எனக்கில்லை. மூன்று, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. நான்காவதாக ஒன்றுதான் இருந்தது. உண்மையைச் சொல்வது. அதைச் சொன்னால், இத்தனை மாதம் அவளை உயிரோடு வைத்திருந்ததும் போய்விடுமே என்று தயங்கினேன்.

சாவியை எடுத்து நீட்டினேன். சிவப்பு வளையல் அதில் ஆடியது.

"அக்கா, சின்ன வளையல நான்தான் எடுத்தேன். உங்க கையில இருக்கது என்னோடது. திருவிழாவுல வாங்கினேன், பெருசாப் போச்சு."

அவள் அந்த வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைத் திறந்து ஆட்டத்தை விளக்கினேன். வந்தவர்கள் போட்ட படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். வாத்தைப் பிடித்த கை, விசிலைப் பிடித்த கை, மடித்த பாவாடையோடு கொச்சிக்காரர். ஒவ்வொரு படத்தையும் நெடுநேரம் பார்த்தாள்.

"பாவாடைய இவுகதான் கொண்டு போனாகளா?"

தன் மகளுக்காக எடுத்துக்கொண்டதாக அவர் எழுதியிருப்பதைப் படித்துச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்குச் சரியா இருந்துச்சாமா?"

தெரியாது என்றேன். அவள் தலையாட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பயப்படாமல் இருந்திருப்பேன். கால் இன்னும் கீழ்ப்படியில்தான் இருந்தது. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, பஞ்சை எடுத்து உள்ளங்கையில் பிரித்தாள்.

"அப்ப, இந்தப் பல்லு?"

நீங்கள் வைத்ததுதானே என்றேன். மகளுடைய பல்லைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தாள் என்றே நினைத்திருந்தேன்.

"எம்புள்ளைக்குப் பல்லு விழுகிற வயசே வரலையே தங்கச்சி."

பதிவுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இல்லை. யாரும் எழுதியிருக்கவில்லை. கிணற்றுக்குள் எங்கோ சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து, முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இப்ப இருந்தா விழுகும்."

யாராவது விளையாட்டுக்காரரின் குழந்தை போட்டிருக்கும், எழுத மறந்திருப்பார்கள். இந்த வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. வளையலைப் பற்றி எனக்குத் தெரியும், சொன்னேன். பல்லைப் பற்றித் தெரியாது.

"வளருறா," என்றாள் அவள் மெதுவாக. "பல்லு விழுந்து, அவ பாட்டுக்கு வளந்துக்கிட்டு இருக்கா. நான் போயி என்ன செய்யப் போறேன்?"

காலை மேலே எடுத்து வைத்தாள். எழுந்து நின்று, என் வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். சாவியிலிருந்து சிவப்பு வளையலைத் தானே உருவிக்கொண்டாள்.

"எடுத்தா ஒண்ணு வைக்கணும், அதான ஓம் வெளையாட்டு?"

ஸ்கூட்டரில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்கப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், என்னிடம் அல்ல. மார்க்கெட்டிலிருந்து அவள் கணவர் வரும்வரை அங்கேயே இருந்து, பட்டுச்சேலை முதல் பாசிப்படி வரை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அந்த வாரமே அவரும் வாழைக்காய் வியாபாரியும் சேர்ந்து கிணற்றுக்குக் கம்பிவலை போட்டார்கள். மதுரையில் ஒரு டாக்டரிடமும் அவளைக் கூட்டிப்போகிறார். கடைத்தெருவில் பார்த்தால் சிரிக்கிறாள்.

அந்த இடத்தை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டேன். டப்பாவை எடுக்க வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், அது அங்கேயே மாடக்குழியில் இருக்கிறது. அதற்குள் இப்போது என்ன இருக்கிறது என்று நான் திறந்து பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் பிலிம் ரோல் டப்பா மட்டும்தான் ஒளித்து வைக்கிறேன், மேலே தமிழில் சீட்டு ஒட்டி. கட்சி மாறிவிட்டாயே என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஒரு காகிதச் சுருளுக்கு மேல் இடமில்லாத டப்பாவில் இருப்பதற்கெல்லாம் என்னால் பதில் சொல்ல முடியும். ஆனால் அந்த உச்சிவெயிலில் ஒரு பெண்ணைப் படியேற்றி வீட்டுக்கு அனுப்பியது எனக்குப் பதில் தெரியாத அந்த ஒரு பொருள்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், பயமும் நன்றியும் ஒன்றாகவே எனக்குள் எழுகின்றன.