பத்தொன்பது போட்ட அக்கா

எங்கள் வரைபட அலுவலகத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய கணினி. எந்த ஆறு எப்போது பெருகும், எந்தத் தெரு முழுகும் என்று நாள்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

வேலையை ஓடவிடும்போது கருப்புத் திரையில் 'நைஸ்' என்று தட்டி ஓர் எண் கொடுக்கலாம். எதுவும் தட்டாவிட்டால் பூஜ்யம். எண் கூடக் கூட அந்த வேலை மற்றவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கும், பத்தொன்பதுதான் கடைசி. நாங்கள் யாரும் எதுவும் கொடுக்க மாட்டோம். அவ்வளவு நல்லவர்கள்! வெள்ளக் கணக்குப் பார்க்கும் அக்கா மட்டும் ஒன்பது வருடமாகப் பத்தொன்பதே போட்டுவந்தார். ஏன் என்று எனக்கு மண்டைக் குடைச்சல். ஆனால் கேட்டதில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று அதில் முடிவு செய்வார்கள். வெள்ள வரைபடம் கையில் இருந்தாக வேண்டும். மதியம் எட்டிப் பார்த்தேன். மூன்று நாளாக ஓடும் கணக்கு, கடைசிக் கட்டத்தில் ஆமையாக ஊர்ந்தது. எங்கள் நால்வரின் வேலைகளும் கணினியை விழுங்கிக்கொண்டிருந்தன.

அக்கா 'ரீநைஸ்' தட்டி எண்ணைப் பூஜ்யமாகக் குறைக்கப் பார்த்தார். அனுமதி இல்லை என்றது திரை. எண்ணைக் கூட்டிக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டாம். குறைக்க நிர்வாகிதான் வர வேண்டும். நிர்வாகியோ விமானத்தில்.

"நிறுத்திட்டு மறுபடி ஓட்டுங்களேன்க்கா."

"மூணு நாள் உழைப்பு போயிடுமே தம்பி."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவர் எண்ணைத்தானே குறைக்க முடியாது? எங்கள் எண்ணை நாங்கள் கூட்டிக்கொண்டால் யார் தடுப்பது? என் வேலைக்குப் பத்தொன்பது போட்டுவிட்டு மற்ற மூவரிடமும் ஓடினேன்.

"என் கணக்கு நாளைக்குத் தள்ளிப்போயிடும்டா," என்று முனகினார் மழைக் கணக்கு அண்ணன்.

"போனா போகட்டும்ணே, தட்டுங்க."

தட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். ஐந்து வேலைகளும் சரிசமமாயின. அக்காவின் கணக்கு விறுவிறுவென்று நகர்ந்தது. நாலே முக்காலுக்கு வரைபடம் வந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது.

மறுநாள் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா எப்பவும் பத்தொன்பது?"

"புதுசா வந்தப்போ யாருக்கும் இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு போட்டேன். அப்புறம், உனக்கு அவசரமே இல்லையான்னு யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன்." சிரித்தார். "இன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டிருக்கீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.