பதினேழாவது அடிக்குறிப்பு

சட்டமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கேதான் நானும் அக்காவும் இருபத்திரண்டு வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேர் தேடி அலைகிறார்கள் என்று மேலே இருக்கும் உறுப்பினர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள். ஒரு மணி நேரத்தில் பதில் போயாக வேண்டும். அக்கா ஆய்வு, நான் தட்டச்சு; கூடப் பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் அக்கா. அந்த அறையை நினைத்தால் இன்றும் மனசு ஏங்குகிறது.

அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டார். "டீ ஆறிப்போச்சுக்கா" என்றால், "யாரு தொட்டுப் பார்த்தா?" என்று கேட்கிற ஆள்.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. குறிப்பில் 'நான்' என்ற சொல் வரவே கூடாது. சொந்தக் கதை, சோகக் கதைக்கெல்லாம் அங்கே இடமில்லை.

வீட்டிலிருந்தே கூலிக்குத் தைக்கிறவர்களுக்கு ஓய்வூதியம் தரும் மசோதா ஒருமுறை வந்தது. அப்படி எத்தனை பேர் என்று சீட்டு வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய கணக்கெடுப்பைப் புரட்டினால், நகரம் முழுக்க நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேருக்கு எவன் சட்டம் போடுவான்? மசோதா அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். அக்கா அசையவில்லை.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"இந்தக் கணக்க எடுத்ததுல நானும் ஒருத்தி. காலேஜ் முடிச்ச புதுசு. எங்க தெருவையே எனக்குக் குடுத்தாங்க. 'வேலைக்குப் போறீங்களா?'ன்னுதான் கேள்வி. எங்கம்மாகிட்டயும் கேட்டேன். 'எங்க போறேன், வீட்ல சும்மாதான இருக்கேன்'னாங்க. 'வேலை இல்லை'ன்னு போட்டுட்டேன்."

"சரி, அதுக்கென்ன இப்போ?"

"அப்ப அவங்க மடியில ஒரு கம்பெனிச் சட்டை கிடந்துச்சு. பட்டன் தைச்சுக்கிட்டேதான் பதில் சொன்னாங்க. தைச்சுத்தான் என்னைப் படிக்க வெச்சாங்க."

அக்கா பேனாவை எடுத்துப் பதினேழாவது அடிக்குறிப்பை எழுதினார்: 'இந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. கேள்வியே தவறு. தைத்துக்கொண்டிருந்த ஒருவர் வேலை இல்லாதவர் என்று பதிவாகியிருக்கிறார். ஆதாரம்: பதிவு செய்தவள் நான். அவர் என் தாய்.'

"'நான்'னு எழுதியிருக்கீங்களேக்கா! பதவி உயர்வு வர்ற நேரத்துல இதெல்லாம் தேவையா?"

"நீ அடி."

அடித்தேன். மேலதிகாரி பார்ப்பதற்குள் குறிப்பு மேலே போய்விட்டது. பிறகு அவர் குதி குதியென்று குதித்தார், பதவி உயர்வும் வேறொருவருக்குப் போனது. ஆனால் ஓர் உறுப்பினர் அந்த அடிக்குறிப்பை அவையில் அப்படியே வாசித்துவிட்டார். மசோதாவை நிறுத்திவைத்து, மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. புதுக் கேள்வியை எழுதிக் கொடுத்ததும் அக்காதான். எண்ணி முடித்தபோது எட்டாயிரத்தைத் தாண்டியது. சட்டமும் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

அந்த மறு கணக்கெடுப்பின்போது, கணக்கெடுக்கும் பெண் அக்கா வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அக்காவின் அம்மாவுக்குப் பார்வை மங்கி, ஊசியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அக்கா பரீட்சை எழுதுகிற பிள்ளை போலப் படபடப்போடு பக்கத்தில் நின்றார்.

"வீட்லயோ வெளியிலயோ, கூலிக்கு என்ன வேலை செய்றீங்கம்மா?"

அம்மா வெறும் மடியைத் தடவிக்கொண்டார். "இப்பத்தான்மா சும்மா இருக்கேன்."

அந்தப் பெண் 'வேலை இல்லை' என்று எழுதிக்கொண்டாள். அக்கா அழுதார். ஆதாரம்: பக்கத்தில் நின்ற நான்.