பஸ் முழுக்கத் தெரிந்த என் விக்கல்

பேஸ்மேக்கர் வைத்து ஒரு மாதம். தோள் இன்னும் வலிக்கிறது. நேற்றிலிருந்து விக்கலும் நிற்கவில்லை. பேஸ்மேக்கரின் வயர் நகர்ந்தால் இப்படி விக்கல் வரலாம், வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். திரும்பவும் ஒப்பரேஷனோ என்று பயந்து விக்கலை அம்மாவிடம் மறைத்துவிட்டேன்.

இன்று வெள்ளவத்தை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அன்ரி திடீரென்று கத்தினார்.

"பிள்ளை, என்ர பேர்ஸை ஏன் எடுத்தனி?"

முழு பஸ்ஸும் திரும்பியது. கொண்டக்டர் ஓடி வந்தார்.

அன்ரி சிரித்தார். "சும்மா! பயந்தா விக்கல் நிண்டிடும்."

"நிக்காது அன்ரி! இது பேஸ்மேக்கர் விக்கல்!"

அன்ரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போது இரவு, போர்வைக்குள் இன்னும் சிரிக்கிறேன், விக்குகிறேன்.

பஸ்ஸுக்கே தெரியும், அம்மாவுக்குத்தான் தெரியாது. விடிந்ததும் சொல்லப்போகிறேன். முதல் வசனத்தை மட்டும் யாராவது எழுதித் தாருங்கள்.