எப்சிபாளின் இடது கால்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்திருந்த வேதக்கண்ணுக்கு ஒரே மகள், எப்சிபாள். தாயில்லாத பிள்ளை. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. வலது காலைவிடக் கட்டை. கடையடைத்து வந்ததும் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார். பழைய டயரை அறுத்து இடது செருப்பின் அடியில் ஒட்டி உயரம் கூட்டுவார். பிள்ளை வளர வளர ரப்பரும் வளர்ந்தது.

“ஊர்ல உள்ள வீலுக்கெல்லாம் கோட்டம் எடுக்கியளே அப்பா, எனக்கு மட்டும் டயரை ஒட்டியே ஏமாத்துதியளே” என்பாள்.

“ஏட்டி, ஒன் காலு என்ன வாடகை சைக்கிளா?” என்பார் அவர்.

எண்பத்திரண்டாம் வருஷம், மஞ்சள்காமாலை கண்டு பத்தொன்பது வயதில் எப்சிபாள் கண்ணை மூடினாள்.

வேதக்கண்ணின் தங்கச்சி ஞானப்பூ சிவகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்தி, வெள்ளைக் காலுறை மாட்டினாள். பெட்டியில் வைத்தபோது பாதங்கள் ஏற்ற இறக்கமாக நின்றன. வருகிற சனம் பிள்ளையின் குறையைப் பேசக் கூடாதென்று, இடது காலுறையின் நுனியில் துணியைச் சுருட்டித் திணித்து இரண்டையும் சமமாக்கினாள்.

வேதக்கண் வந்து குனிந்தார். காலுறையைக் கழற்றித் துணியை உருவிப் போட்டார்.

“ஏன் அண்ணே? போகையிலாவது பிள்ள நேராப் போகட்டுமே.”

“அது அவ காலு இல்ல தாயி.”

சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார் தேவசித்தம் அவர் தோளைத் தொட்டார். எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாக வருகிற மனுஷர். “ஒடம்பு களட்டிப் போட்ட சட்டைதானே வேதக்கண்ணு. ஆத்துமா ஆண்டவர்ட்ட போயிட்டு. இதுல என்ன இருக்கு?”

வேதக்கண் அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தியபடியே நிமிர்ந்தார். “சட்டைன்னு சொல்லாதிய ஐயா. இத்தன வருசமா நான் எண்ணெய் தேச்சது சட்டைக்கா? என்னப் பாத்துச் சிரிச்சது, வலிக்குன்னு அழுதது, எல்லாம் இந்த ஒடம்புதானே. ஞாயித்துக்கிழம தவறாம கோயில்ல, செத்த சரீரமும் எழும்பும்னு எல்லாரும் எந்திரிச்சு நின்னு சொல்லுதோமே, அத நம்பித்தான் இவள மண்ணுக்குள்ள விடுதேன். இல்லன்னா எப்படி விடுவேன்?”

“எழும்பையில காலு நேராயிரும்லா அண்ணே?” என்றாள் ஞானப்பூ.

“ஆகட்டும். ஓடட்டும். ஆனா இந்தக் காலுதான் நேராகணும். வேற கால மாட்டிக் குடுத்தா, அவ வேற யாரோல்லா?”

உபதேசியார் குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தார். பிறகு, “ஆண்டவரும் எழும்பி வந்த பொறவு, ஆணி அடிச்ச அதே கையத்தான் சந்தேகப்பட்ட தோமாட்ட நீட்டுனாரு” என்றார் மெல்ல. “காயத் தழும்போட.”

ஞானப்பூ மூக்கைச் சிந்திவிட்டு, வெறும் காலுறையை அந்தக் காலில் மாட்டினாள். ஏற்ற இறக்கமாகவே பாதங்கள் கல்லறைத் தோட்டம் போயின.

ஜெபம் முடிந்ததும் குழி வெட்டிய ஆறுமுகச்சாமி மண்ணைத் தள்ள மம்பட்டியை எடுத்தார். கரிசல் மண், வெயிலில் காய்ந்து கட்டி கட்டியாகக் கிடந்தது.

“பொறும் வே” என்ற வேதக்கண், குழியோரம் குத்தவைத்து ஒரு கட்டியை எடுத்தார். இரண்டு கையாலும் நொறுக்கிப் பொடியாக்கித் தூவினார். பிறகு இன்னொன்று.

“பெட்டிக்குள்ள இருக்க பிள்ளைக்கு வலிக்கவா போகுது அண்ணாச்சி?” என்றார் ஆறுமுகச்சாமி.

“வலிக்காதுதான்” என்றார் வேதக்கண். கை நிற்கவில்லை.

உபதேசியார் வேதபுத்தகத்தை ஞானப்பூவிடம் கொடுத்துவிட்டு, சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அவருக்கு எதிரே குத்தவைத்தார். அவரும் ஒரு கட்டியை எடுத்து நொறுக்கத் தொடங்கினார்.