அரியமுத்து பிக்கப் மாற்றிய கதை

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் துளை போடும் மெஷினைப் பிடிப்பது அரியமுத்துவின் வேலை. வாரக் கடைசி ஆனால் பெரம்பலூர் தமிழ்மாறனின் ஆர்க்கெஸ்ட்ராவில் அவன்தான் லீட் கிட்டார். அவன் அப்பா திருமானூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டியே காலத்தைக் கழித்தவர். திருவிழாவில் கச்சேரி நடந்தால் தள்ளி நின்றுதான் பார்ப்பார். அவர் மகன் இஸ்திரி போட்ட சட்டையோடு மேடை ஏறினான். அந்தப் பெருமையை அரியமுத்து வெளியில் சொன்னதில்லை. ஆனால் கிட்டாரை மாட்டியதும் நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும்.

2004-ஆம் வருஷம் அவனுக்கு முப்பத்தேழு வயது. கிட்டார் சத்தம் மங்கிப்போய்விட்டது என்று அப்போதுதான் சொல்ல ஆரம்பித்தான். கம்பியை மாற்றினான், ஒயரை மாற்றினான். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் பிக்கப் மேல் பழி விழுந்தது. கம்பிகளுக்கு அடியில் வரிசையாக மூன்று இருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய சிங்கிள் காயில் பிக்கப். கம்பி அதிர்வதைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்புவது அதுதான்.

"காந்தம் செத்துப்போச்சுண்ணே. மூணையும் மாத்தணும்."

"எனக்கு நல்லாத்தானப்பா கேக்குது" என்றார் கீபோர்டில் இருந்த தமிழ்மாறன்.

"உங்களுக்குக் காது இல்லண்ணே."

ஒத்திகையில் பாட வந்திருந்த சிவரஞ்சனி முதல் தபேலாக்காரர் வரை எல்லாரும் இருந்தார்கள். தமிழ்மாறன் சிரித்துச் சமாளித்தார். ஆனாலும் அடுத்த வாரம் அவனைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

கடையில் இரண்டு வகை சிங்கிள் காயில் இருந்தது. இரண்டையும் தனித்தனி கிட்டாரில் மாட்டி வைத்திருந்தார் கடைக்காரர். ஒன்றை வாசித்தார், மற்றதை வாசித்தார். "முதல்ல வாசிச்சது மிருது. இது நல்ல கூர்மை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், பாத்தீங்களா?"

தமிழ்மாறன் தலையாட்டினார். அரியமுத்துவுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். அப்போதும் அப்படியே. இத்தனை வருஷம் வாசித்தவன், தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"கூர்மையானதையே குடுங்க" என்றான்.

"மேடையில ட்ரெபிளை, அதான் மேல் சத்தத்த, குறைச்சு வச்சுக்குங்க. இல்லாட்டி கீச்சுன்னு ஏறும்."

"அது எனக்குத் தெரியாதுங்களா?"

அரும்பாவூரில் ஒரு கல்யாண வரவேற்பு. புது பிக்கப் போட்டும் சத்தம் மங்கலாகவே இருந்ததால், ஆம்பில் ட்ரெபிளை முழுசாகத் திருப்பினான். இப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

கண்ணைத் திறந்தபோது முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"யோவ், தகரத்த ஆணியால கீறுற மாதிரி இருக்கு. நிறுத்துய்யா!"

கீழே யாரோ சிரித்தார்கள். சிவரஞ்சனி மைக்கை இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்தாள். தமிழ்மாறன் எழுந்து வந்து ஆம்பின் திருகைத் தானே குறைத்தார். கூட்டம் காதிலிருந்து கையை எடுத்தது. அரியமுத்துவுக்கோ, காதில் பஞ்சை அடைத்த மாதிரி ஆயிற்று. கோளாறு எங்கே என்று அந்த இடத்தில் நின்றபடியே அவனுக்கு விளங்கிவிட்டது. மிச்சப் பாட்டையெல்லாம் விரலைப் பார்த்தே வாசித்து முடித்தான். சாப்பிடாமல் பஸ் ஏறினான்.

மறுநாள் காலை அவன் பெண்சாதி ராசாத்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"பிக்கப்பு சரியில்ல புள்ள" என்றான், காதைச் சொல்ல மனம் வராமல்.

அவள் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சுவத்துல பல்லி கத்துதே, கேக்குதாங்க?" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த போட்டோவுக்குப் பக்கத்தில் பல்லியின் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு வருசமாச்சு. குக்கர் விசில் அடிச்சாலும் திரும்ப மாட்டீங்க. சொன்னா மனசு ஒடைஞ்சு போவீங்களேன்னுதான்..."

காது டாக்டர் பார்த்துவிட்டு, மெஷின் இரைச்சலில் போனது போனதுதான், இனி மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள் என்றார். சுரங்கத்தில் காதுக்கு உறை மாட்ட ஆரம்பித்தான். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். தமிழ்மாறனிடம் போய் விஷயத்தைச் சொன்னான். "காது இல்லாதவன் நான்தாண்ணே" என்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கை இருக்குல்லடா, வாசி" என்றார் அவர்.

அந்த மாதமே ராசாத்தியைத் திருச்சிக்குக் கூட்டிப்போனான். "எனக்கு மேல் சத்தம் கேக்காதுங்க. வூட்டுக்காரம்மா இவங்கதான் கேட்டுச் சொல்லணும்." கடைக்காரர் அதற்குப் பிறகு அவனிடம் ஒவ்வொரு வார்த்தையையும் கத்திக் கத்திப் பேசினார். வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குனிந்தபடியே வாசித்தான். கிட்டாரைத் தொட்டே அறியாத ராசாத்தி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். "இது வேணாம், பல்லு கூசுது. இது... ஆளு பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு. இதையே வாங்குவோம்." அது மிருதுவான செட்.

புது பிக்கப் ஊரெல்லாம் பேர் வாங்கியது. மறு வருஷம் பூலாம்பாடித் திருவிழாவில் கச்சேரி முடிந்ததும், வேறொரு குழுவின் கிட்டார்காரன் தேடி வந்தான்.

"அண்ணே, என்ன சவுண்டு அண்ணே! யாரு செலக்ட் பண்ணது?"

"நான்தான். நாலஞ்சு செட்டு கேட்டுப் பாத்துப் புடிச்சேன்."

வாய் தவறி வந்ததில்லை, தெரிந்தேதான் சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பினால், அவன் கிட்டார் பையைப் பிடித்துக்கொண்டு ராசாத்தி பின்னால் நின்றிருந்தாள். "வாங்க, பஸ் போயிடும்" என்றாள்.

அரும்பாவூரில் முன்வரிசை காதைப் பொத்தியபோதுகூட அவன் இப்படிக் குன்றிப்போகவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அவளையும் அழைத்துப் போனான். எல்லாரும் பார்க்க ஆம்புக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தான்.

"பிக்கப்பு இவ புடிச்சதுதான். இனிமே திருகும் இவ சொல்ற எடத்துலதான் நிக்கும்" என்றான். தமிழ்மாறன் கீபோர்டிலிருந்து எழுந்து ஃபேனை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"சொல்லு புள்ள, போதுமா?"

"இன்னும் கொஞ்சம் கொறைங்க" என்றாள் ராசாத்தி.

குறைத்தான். காதெல்லாம் சூடேறியிருந்தது. தலையைத் தூக்காமலே முதல் பாட்டை ஆரம்பித்தான்.