நான் வாசித்த பலகை

புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்ட் டெக்சாஸ் வெயிலில் இளகும்போது ஒரு நாற்றம் எழும். அதனோடு இறைச்சி சுடும் புகையும் சேர்ந்துகொண்டால் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வரும்.

டல்லாஸுக்கு மேற்கே, சிமெண்ட் ஆலை ஒன்றை நம்பியிருந்த சிற்றூரில் நான் வளர்ந்தேன். ஆலையில் இன்ஜினியராக இருந்த அப்பாவுக்குச் சாலையோர வரலாற்றுப் பலகைகள் என்றால் உயிர். இங்கே கோட்டை இருந்தது, இவ்வழியே மாட்டு மந்தைகளை ஓட்டிப் போனார்கள், இந்தக் கவுண்டி, அதாவது மாவட்டம், இப்படிப் பிறந்தது என்று உலோக எழுத்தில் சொல்லும் அவற்றை அவர் "கல்வெட்டு" என்பார். ஒவ்வொன்றின் முன்னும் காரை நிறுத்தி, "இறங்கி சத்தமா படிம்மா" என்பார். நான் படிப்பேன்; அம்மா புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த கல்வெட்டு வர்றதுக்குள்ள சாப்பிட விடுவீங்களா?" என்று காருக்குள்ளிருந்து கேட்பாள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் கவுண்டி பிறந்த கதைக்கே ஒரு பலகை வைக்க முடிவாயிற்று. அதற்கான கமிட்டியில் அப்பாவையும் சேர்த்துக்கொண்டார்கள். திறப்பு விழாவில் வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பலகை நிற்கப்போகும் சாலை வளைவுக்குப் பின்னால்தான் என் வகுப்புத் தோழி மரிசோலின் வீடு. அங்கே ஒரு முள்மரத்தடியில் கற்களைக் குவித்த மூன்று மேடுகளை அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள். அவளுடைய அப்பாவின் முன்னோர்கள், அந்தக் கவுண்டிக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே இறந்தவர்கள், அங்கே புதைந்திருந்தார்கள். அந்தக் கற்களின் மேல் காட்டுப்பூ வைத்துவிட்டுத்தான் நாங்கள் விளையாடப் போவோம்.

எனக்குத் தந்த தாளிலோ, முதல் ஐந்து குடும்பங்கள் வந்திறங்கும்வரை அது ஆளில்லாத காடு என்றிருந்தது.

"அப்பா, இது பொய்ப்பா. மரிசோல் வீட்டுக்காரங்க அதுக்கு முன்னாடியே இருந்தாங்க."

"உனக்கெதுக்கு அந்த வம்பு? கிரீன் கார்டு வர்ற நேரம். எழுதியிருக்கறத படிச்சிட்டு வா."

அந்த வாரமே, விழாவுக்கு வரும் கார்களை நிறுத்த இடம் வேண்டுமென்று புல்டோசர் வந்து மரத்தடியைச் சமமாக்கிவிட்டுப் போனது. கமிட்டியில் அதற்கு அப்பாவும் கை தூக்கினார் என்று அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

விழாவன்று பலகையின் புதுப் பெயிண்ட் வெயிலில் இளகியது; பக்கத்தில் விருந்துக்கு இறைச்சி சுட்டார்கள். மரிசோலும் அவள் அப்பாவும் சாலையின் எதிர்ப்புறம் நின்றார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண்மணி என் கன்னத்தைத் தட்டி, எவ்வளவு சுத்தமான இங்கிலீஷ் என்று வியந்தாள். அதற்கு அப்பா குழைந்து சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் வாயிலிருந்த எலுமிச்சை ஜூஸைப் புல்லில் துப்பினேன்.

திங்கட்கிழமை பள்ளியில் மரிசோல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அந்தக் கற்களை நீ பார்த்திருக்கிறாய்தானே?

எந்தக் கல், என்றேன்.

அப்பாவின் சிரிப்பைவிட அந்த இரண்டு சொற்கள்தான் எனக்கு அருவருப்பு. அவள் அதன்பின் என்னோடு பேசவில்லை. அந்தக் கோடையிலேயே அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் காரில் போனேன். மரமும் வீடும் இருந்த இடத்தில் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன். பலகை மட்டும் அதே பொய்யோடு நிற்கிறது. பலகைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசு அலுவலகத்துக்குத் திருத்தச் சொல்லி எழுதினேன். சாட்சிகளின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவம் வந்தது. இப்போது பிளசன்டன் ஊரில் என் தம்பியோடு இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்து, கமிட்டிக்காரராக ஒரு கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"இப்ப எதுக்கும்மா அதைக் கிளறிக்கிட்டு? சிட்டிசன் ஆயாச்சு, நிம்மதியா இருக்கோம். என்னை விட்டுடு."

போனை வைத்துவிட்டேன். அங்கே மூன்று பேர் புதைந்திருந்தார்கள் என்றும், பொய்யென்று தெரிந்தே நான் வாசித்தேன் என்றும் எழுதி, நான் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பினேன். படிவத்தில் அந்த மூவரின் பெயர்களுக்கான இடம் காலியாகவே போயிற்று. நான் ஒருநாளும் கேட்டதில்லை. சொல்லக்கூடியவர்கள் எங்கே போனார்கள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.