மூன்று மாதம் என்று மட்டும்

எங்கள் வீட்டில் யாரும் காலத்தை வெறுமனே சொல்ல மாட்டார்கள். நாளைக்கு இட்லிக்கு ஊறப்போட வேண்டும் என்றாலும், அடுத்த மாதம் கடைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றாலும், அல்லாஹ் நாடினால் என்கிற அந்த இன்ஷா அல்லாஹ் சேர்ந்தால்தான் பேச்சு முடியும். அடுத்த ரயில் வந்துவிடும் என்பதற்குக்கூட அம்மா அதைச் சேர்த்துக்கொள்வாள்.

மதரஸாவில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் ஒரு தடவை ஒரு கதை சொன்னார். நாளைக்கு வருகிறேன் என்று அல்லாஹ்வை நினைக்காமல் சொல்லிவிட்டுப் போன ஒரு ஆள் திரும்பி வரவே இல்லையாம். கதையின் மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்த ஆள் வராமல் போனது மட்டும் வயிற்றுக்குள் தங்கிவிட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அக்காவைக் குளிர் நாடு ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. மறுபடி உண்டானபோது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அக்கா தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். தினமும் போனில் எப்பம்மா வருவே என்று கேட்பாள். சாப்பாடு இறங்கவில்லை என்பாள்.

அம்மா போயாக வேண்டும். போக விசா வேண்டும். விசாவுக்கு நேரில் போய் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அம்மா படித்தது அனகாபுத்தூரில், ஐந்தாவது வரை, தமிழில்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே டிராவல்ஸ் வைத்திருந்த அண்ணன்தான் வேலையை எல்லாம் பார்த்துக் கொடுத்தார். நான் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறேன் என்று தெரிந்ததும், பாப்பாவையே ஆபீசராக உட்கார வைத்துப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு காலம் என்பதை இங்கிலீஷில் எப்படியெல்லாம் சொல்லலாம் என்று எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே பாடம் நடத்தினார். இத்தனை மாதம் என்றால் முன்னால் ஃபார் போட வேண்டும். இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரைக்கும் என்றால் ஃப்ரம், டு. பிள்ளை பிறக்கும் வரைக்கும் என்றால் டில்.

அம்மாவுக்கு டில் பிடித்துப்போயிற்று. அதையே சொல்லிவிடுகிறேன் என்றாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டில்லுன்னா அதுக்கு முடிவே கிடையாது. அங்கயே தங்கிடுவீங்கன்னு நெனச்சிடுவாங்க. ஃபார் த்ரீ மந்த்ஸ். அதோட வாயை மூடிக்கணும். இன்ஷா அல்லாஹ்வும் வேணாம். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்தம்மாவுக்கே நிச்சயம் இல்ல போலன்னு பேப்பரை ஒதுக்கி வச்சிடுவாங்க."

அம்மா, கூட வந்திருந்த அப்பாவை, எங்கள் அத்தாவைப் பார்த்தாள்.

அன்றைக்கே அத்தா பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும், அல்லாஹ் கேட்பான் என்று ஹஜ்ரத் சொன்னாராம். அம்மா தலையாட்டினாள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மனசுக்குள் சொன்னால் போதும் என்றால், ரயிலுக்கும் இட்லிக்கும் எதற்கு இத்தனை நாளாக வாய்விட்டுச் சொன்னோம்?

பழகத் தொடங்கினோம். அத்தாவுக்குக் கூடுவாஞ்சேரியில் சோபாவும் கார் சீட்டும் தைக்கிற கடை. அங்கிருந்து கொண்டுவந்த சுழல் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்வேன். அம்மா எதிரில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிற்பாள். ஹவ் லாங் வில் யூ ஸ்டே என்று கேட்பேன். ஐ வில் ஸ்டே ஃபார் த்ரீ மந்த்ஸ் என்று சரியாகச் சொல்லிவிட்டு, மூச்சு விடுவதுபோல இன்ஷா அல்லாஹ்வும் சொல்லிவிடுவாள். சொன்னதே அவளுக்குத் தெரியாது. அம்மா அதை ஆரம்பிக்கும்போதே மேஜையில் தட்டு என்று அத்தா எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

தட்டினேன். அம்மா நிறுத்தினாள். அல்லாஹ்வின் பெயர் பாதியில் நின்றது.

தட்டிய அந்தக் கை என் கைதானே. இரண்டு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மா அதைச் சொல்லிவிட்டால் விசா கிடைக்காது, அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடும். சொல்லாவிட்டால் விசா கிடைத்துவிடும், அம்மா போவாள், அந்த ஆள் மாதிரி திரும்பி வர மாட்டாள். தொழுதுவிட்டு துஆ கேட்கக் கை ஏந்துவேன். எதைக் கேட்பது என்று தெரியாமல் கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

"நோன்புக்கு நீ இருக்க மாட்டியாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அத்தா இருக்காரு. பள்ளிவாசல் கஞ்சி இருக்கு. உனக்கு என்னடி கொறை," என்று அம்மா சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

நேர்காணலுக்கு நாங்கள் மூன்று பேரும் தாம்பரத்தில் ரயில் ஏறிப் போனோம். அம்மாவை மட்டும் உள்ளே விட்டார்கள். அத்தாவும் நானும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றோம். பாஸ்போர்ட்டை உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டால் விசா உண்டு, கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை என்று டிராவல்ஸ் அண்ணன் சொல்லியிருந்தார். அதனால் வெளியே வருகிற எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. அத்தா வாங்கிக் கொடுத்த ஜூஸை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வந்தாள். கையில் பாஸ்போர்ட் இருந்தது.

சாலையைத் தாண்டி வந்து, அத்தாவிடம் அதைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள்.

"கேட்டாங்க. ஃபார் த்ரீ மந்த்ஸ்னு சொல்லி நிறுத்திட்டேங்க. அந்த ஆபீசரம்மா என் மொகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. வாய் தானா சொல்லிடுச்சு. அப்டின்னா என்னன்னு கேட்டாங்க. அதுக்கு இங்கிலீஷ் எனக்கு யாரும் சொல்லித் தரலியே."

அதன்பிறகு வீட்டைப் பற்றி, கடையைப் பற்றி, மச்சானின் வேலையைப் பற்றி எல்லாம் கேட்டார்களாம். பாதி புரியவில்லையாம். கையில் கொடுத்த துண்டுத்தாளில் காரணம் எதுவும் இல்லை.

"அதனாலதான்னு யாரு சொன்னது. விடு. அல்லாஹ்வோட நாட்டம்," என்றார் அத்தா.

எனக்கு வேறு மாதிரி தோன்றியது. அத்தனை நாள் பழகியும் அம்மா சொல்லியிருக்கிறாள் என்றால், வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறாள். என்னை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. ரயிலில் வரும்போது என் கையை அவள் விடவே இல்லை. அது போதாதா எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவி அஸர் தொழுதாள். பிறகு அக்காவுக்குப் போன் போட்டாள். வீடியோவில் வாம்மா என்றாள் அக்கா. போனில் சார்ஜ் இல்லை என்றாள் அம்மா. போன் நிறைய சார்ஜ் இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"விசாவா? நான்தான்டி வேணாம்னு சொல்லிட்டேன். அந்தக் குளிரு எனக்கு ஆகாது. இவளையும் விட்டுட்டு மூணு மாசம் என்னால இருக்க முடியாது. மாப்பிள்ளைகிட்ட சொல்லி ஒரு ஆளை வச்சுக்கோ."

அந்தப் பக்கம் அக்கா கத்தியது எனக்கே கேட்டது. நான் உன் வயித்துல பொறக்கலியா, அவ மட்டும்தான் பொறந்தாளா என்று கேட்டாள். அவள் திட்டி முடிக்கும் வரைக்கும் அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிட்டியா என்றாள். அக்கா போனை வைத்துவிட்டாள்.

அல்லாஹ்வின் கிருபை, அக்காவுக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் பெற்ற தாய் குளிருக்குப் பயந்து வரவில்லை என்பதை அக்கா பல வருஷம் சொல்லிக்காட்டினாள். ஒரு தடவைகூட அம்மா அதை மறுத்ததில்லை.

போன் பேசிய அன்று சாயங்காலம் அத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கிடைக்கலைன்னு உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு நீ கெட்ட பேர் வாங்கிக்கிறே என்று கேட்டார். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"கிடைக்கலைன்னா நெனச்சு நெனச்சு அழுதுகிட்டே கெடப்பா. ஒரு வாய் எறங்காது. எம்மேல கோவமா இருந்தா எழுந்து சாப்பிடுவா."

அக்காவுக்குக் கோபம் வந்தால் நன்றாகப் பசிக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பின்னல் அன்றைக்கு ரொம்ப இறுக்கமாக இருந்தது. வலிக்கிறது என்று சொன்னால் அம்மா கையை எடுத்துவிடுவாளோ என்று சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.